செய்யாமல் விட்ட வேலை எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். வீட்டில் கணவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், தபால் துறையில் ஓய்வு பெற்ற 82 வயது மாமனார். அலுவலக வேலையைச் சமாளித்துவிடுகிறேன். வீட்டு வேலைகள்தான் நழுவிக்கொண்டே இருக்கின்றன. மாமாவின் பென்ஷன் வேலை, மோட்டார் ரிப்பேர், மகனுக்குக் கண் பரிசோதனை, தங்கைக்குத் திருப்பித் தரவேண்டிய பாத்திரங்கள் என்று எதுவும் நினைத்த நாளில் நடப்பதில்லை.

எல்லா முறையும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு ஜனவரியிலும் டைரி வாங்குவேன், பொங்கலைத் தாண்டாது. போனில் ஒரு செயலி இருக்கிறது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகள் சிவப்பில் நிற்கின்றன, திறக்கவே பயமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எனக்கு நானே செய்தி அனுப்பிக்கொள்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். உடன் வேலை செய்யும் பெண் புல்லட் ஜர்னல் எழுதுங்கள் என்கிறார். மென்பொருள் துறையில் இருக்கும் அக்காள் மகன் கான்பான் பலகை வைக்கச் சொல்கிறான். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, விட்டுப்போன வேலைகள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. ஒழுங்கு என்பதே எனக்குப் பிறவியில் இல்லையோ என்று தோன்றுகிறது. கணவர் எந்தப் பட்டியலையும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது தனிக்கதை.

இவற்றில் எதைத்தான் தேர்ந்தெடுப்பது?

ஒரு வாசகி
ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

பிறவியில் ஒழுங்கு இல்லாதவரை எந்த ஜவுளி நிறுவனமும் கணக்குப் பிரிவில் உட்கார வைக்காது. மாதாமாதம் 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று வரிக் கெடுக்களோடு ஓடும் வேலையைச் 'சமாளித்துவிடுகிறேன்' என்று ஒரே சொல்லில் கடந்துபோகிறீர்கள். அந்த வேலைகளுக்குத் தேதி உண்டு, தவறினால் அபராதம் உண்டு, ஏன் செய்யவில்லை என்று கேட்க ஆள் உண்டு. மோட்டார் ரிப்பேருக்கு இவற்றில் ஒன்றுமே கிடையாது. தொட்டியில் தண்ணீர் தீரும் நாள்தான் அதற்குக் கெடு. ஆகவே உங்கள் குணத்தை இந்த விசாரணையிலிருந்து விடுவித்துவிடலாம்.

முறைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வேலையை எப்படி எழுதுவது என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். என்ன பேனா, எந்தச் செயலி, எத்தனை நிறம். எழுதுவது எந்த முறையிலும் சுலபம்தான். நான் ஒரு முறையை எடைபோட வேறொரு கேள்வியைக் கேட்பேன்: இன்று செய்வதாக எழுதி, செய்யாமல் விட்ட வேலையை இந்த முறை என்ன செய்கிறது? நீங்கள் கைவிட்ட நான்கும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன.

டைரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி அச்சிடப்பட்டிருக்கிறது. ஜனவரி 6-ஆம் தேதி எழுதிய 'கண் பரிசோதனை' அன்று நடக்கவில்லை என்றால் அது 6-ஆம் தேதிப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. பக்கத்தைப் புரட்டியதும் அது கண்ணிலிருந்து மறைகிறது. ஒரு வாரம் போனால் பின்னால் ஐந்தாறு பக்கங்களில் பாதி வேலைகள் சிதறிக் கிடக்கும். எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று தெரியாது. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் எழுதாமல் விட்டால் வெள்ளைத் தாள்கள் வேறு குற்றம் சாட்டும். டைரி நடந்ததை எழுதிவைக்க அருமையான பொருள். நடக்க வேண்டியதை எழுத அது ஏற்றதல்ல.

வாட்ஸ்அப்பில் புதுச் செய்தி வர வர பழையது மேலே ஏறிப் போய்விடும். ஃபிரிட்ஜ் தாள் எங்கும் போகாது. போகாததாலேயே பத்து நாளில் அது ஃபிரிட்ஜின் நிறத்தோடு சேர்ந்துவிடும். தினமும் பால் எடுக்கத் திறக்கும் கதவில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

செயலி இதற்கு நேர் எதிர். அது எதையும் மறப்பதில்லை, மன்னிப்பதும் இல்லை. தேதி தாண்டிய வேலையைச் சிவப்பாக்கி முதல் வரிசையில் நிறுத்துகிறது. உங்கள் கையோ மூளையோ படாமல் மார்ச் மாத வேலை அக்டோபருக்கு வந்து சேர்கிறது. நகர்த்துவதற்குச் சிரமம் இல்லாததால் எதையும் கைவிடவேண்டிய கட்டாயமும் வருவதில்லை. பட்டியல் நூறைத் தாண்டுவது அதனால்தான். மைக்ரோசாஃப்டின் 'டு டூ' செயலியை உருவாக்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் புரிந்திருக்கிறது. அதில் அன்றைக்கென்று ஒரு தனிப் பக்கம் உண்டு. நள்ளிரவானதும் அது தானாகக் காலியாகிவிடும். செய்யாத வேலை அழிவதில்லை, தன் பழைய பட்டியலில் இருக்கும். இன்றைக்கு வேண்டுமா என்று மறுநாள் நீங்கள்தான் திரும்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். செயலிதான் வேண்டும் என்றால் இப்படிப்பட்ட ஒன்றைத் தேடுங்கள். செயலிகளின் ஆயுளை மட்டும் நம்பிவிடாதீர்கள். உலகம் முழுக்கப் பலர் விரும்பிப் பயன்படுத்திய வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் செயலியை அதே மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி, 2020 மே மாதம் மூடியது.

உங்கள் அலுவலகத் தோழி சொல்லும் புல்லட் ஜர்னலுக்கு வருகிறேன். அமெரிக்க வடிவமைப்பாளர் ரைடர் கேரல் 2013-இல் இதை வெளியிட்டார். சிறுவயதிலிருந்தே கவனக்குறைபாட்டோடு போராடியவர் தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. இன்று யூடியூபில் இதன் பெயரில் காட்டப்படும் நீர்வண்ணப் பூக்களுக்கும் ஒட்டுப் படங்களுக்கும் இந்த முறையோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அசல் மிக எளிது. வேலைக்கு ஒரு புள்ளி. முடிந்தால் அதன்மேல் பெருக்கல் குறி. மாதக் கடைசியில் முடியாமல் நிற்கும் ஒவ்வொரு வேலையையும் பார்த்து, இன்னமும் தேவையா என்று கேட்டு, தேவை என்றால் புதுப் பக்கத்தில் கையால் திரும்ப எழுத வேண்டும். இல்லை என்றால் அடித்துவிட வேண்டும். உயிர் இந்தத் திரும்ப எழுதுவதில்தான் இருக்கிறது. கை வலிப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. 'பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்ய வேண்டும்' என்பதை மூன்றாவது மாதமும் எழுத நேரும்போது, அதைச் செய்துவிடலாம் அல்லது விட்டுவிடலாம் என்ற முடிவு தானாக வரும்.

இது உங்களுக்குப் புதிதுமல்ல. ஒரு மாதத்தின் கணக்கை மூடி, இருப்பை அடுத்த மாதத்துக்குக் கொண்டு போகும்போது எந்த நிலுவை வரும், எது வராது என்று பார்த்து, வராததைத் தள்ளுபடி செய்கிறீர்களே, அதேதான். வாராக்கடனை வருஷக்கணக்கில் சுமந்துகொண்டிருந்தால் எந்தக் கணக்கும் உண்மை பேசாது.

கான்பான் டொயோட்டா தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்தது. 'செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது' என்று மூன்று பத்திகளாக அட்டைகள் நகரும். நடுப் பத்தியில் இத்தனை அட்டைகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பு அதன் நல்ல அம்சம். பலர் சேர்ந்து செய்யும் வேலைக்கு அது பொருந்தும். உங்கள் வீட்டில் நடுப் பத்தியில் நிற்கப்போவது நீங்கள் ஒருவர்தான். சுவரில் பலகை மாட்டி அதை ஊருக்குக் காட்ட வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பட்டியலில் 'மாமா பென்ஷன்' என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு சொற்களை எத்தனை முறை பார்த்தாலும் கை எழாது, ஏனென்றால் அதில் செய்ய ஒன்றும் சொல்லப்படவில்லை. நானாக ஊகிக்கிறேன்: அது நவம்பரில் கொடுக்க வேண்டிய ஆயுள் சான்றாக இருக்கும். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கொடுக்க வழிகள் பல: வங்கிக்கு அழைத்துப் போகலாம், தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லி விரல்ரேகை வைக்கலாம், போனிலேயே முகத்தைக் காட்டிப் பதிவு செய்யலாம். 82 வயதுக்காரரை வங்கி வரிசையில் நிறுத்துவதா, தேய்ந்த விரல்ரேகையை இயந்திரம் ஏற்குமா, போனில் யார் செய்வது என்ற மூன்று கேள்விகள் அந்த இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்லாமல்தான் ஒவ்வொரு நாளும் அந்த வரியைத் தாண்டிப் போகிறீர்கள். 'சனிக்கிழமை காலை மகனை வைத்து மாமாவின் ஆயுள் சான்றைப் போனில் முகம் காட்டிப் பதிவு செய்வது. ஆதார் எண்ணும் பென்ஷன் ஆணை எண்ணும் எடுத்து வைக்கவும்' என்று எழுதிப் பாருங்கள். நீளம்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் நீங்கள் யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

டேவிட் ஆலன் என்ற அமெரிக்க ஆலோசகர் இதை 'அடுத்த செயல்' என்கிறார்: கண்ணுக்குத் தெரியும் விதத்தில் உடம்பு செய்யப்போகும் அடுத்த காரியம் எதுவோ அதை எழுது. இரண்டு நிமிடத்தில் முடிவதாக இருந்தால் எழுதவே வேண்டாம், உடனே செய்துவிடு என்பதும் அவர் சொன்னதுதான். அவருடைய முழுமுறை ஒரு பெரிய அலுவலகத்துக்கான ஏற்பாடு. அதிலிருந்து இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

இரவு விழிப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1927-இல் பெர்லினில் ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், முடிந்த வேலைகளைவிடப் பாதியில் தடுக்கப்பட்ட வேலைகளே மனத்தில் அதிகம் தங்குகின்றன என்று சோதனை செய்து எழுதினார். பிறகு அதைத் திரும்பச் செய்தவர்களுக்கெல்லாம் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவருக்கு அது புரியும். நமக்கு உதவுவது 2011-இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு. முடியாத வேலை மனத்தைத் தொந்தரவு செய்வது நிற்க அதை முடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று குறிப்பாகத் திட்டமிட்டாலே மனம் அதை விட்டுவிடுகிறது என்று கண்டார்கள். 2018-இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் வரும் நாள்களின் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சில நிமிடங்கள் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். சிறிய ஆய்வுதான். ஐந்து நிமிடம் செலவழிப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இது. தேதி உள்ளவற்றைப் போன் காலண்டரில் அலாரத்தோடு போடுங்கள்: மகனின் தேர்வுக் கட்டணம், வண்டியின் இன்சூரன்ஸ், டாக்டர் சொன்ன நாள். தேதி இல்லாதவற்றுக்குத் தேதி அச்சிடாத, கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்று. வாரத்துக்கு ஒரு பக்கம். ஞாயிறு மாலை புதுப் பக்கம் திறந்து, போன வாரத்து மிச்சத்தைக் கையால் திரும்ப எழுதுங்கள். எழுதத் தோன்றாததை அடியுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'எப்போதாவது' என்று ஒரு பகுதி இருக்கட்டும், ஆல்பம் ஸ்கேன் செய்வது போன்றவை அங்கே உறங்கலாம். சமையல், துணி, பாத்திரம் இவற்றை எழுதவே வேண்டாம். எழுதாவிட்டாலும் அவை நடந்துவிடும். அவற்றை எழுதினால் மோட்டார் ரிப்பேர் அதற்கடியில் புதைந்துபோகும்.

செயலியில் சிவப்பாக நிற்கும் நூறையும் ஒரு முறை படியுங்கள், ஒரே ஒரு முறை. இந்த மாதமே செய்யத் தகுந்தவற்றை நோட்டுக்கு ஏற்றிவிட்டுச் செயலியை நீக்கிவிடுங்கள். எதையாவது இழந்துவிடுவோமோ என்ற பயம் வரும். உண்மையிலேயே அவசியமானதாக இருந்தால் அதைத் தேடிக்கொண்டு யாராவது வருவார்கள்.

கணவர் பட்டியலைப் பார்ப்பதில்லை என்பது தனிக்கதை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் பட்டியலில் இருக்கும்வரை எந்த வேலையும் உங்களுடையதுதான். அவர் செய்தாலும் நினைவூட்டும் வேலை உங்களிடம் மிஞ்சும். அதனால் ஒரு வரியை மட்டும் அவரிடம் தள்ளாமல் ஒரு துறையையே ஒப்படையுங்கள். மின் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்ததும் தொகையும் கெடு தேதியும், இணைப்புக்குப் பதிவான கைப்பேசி எண்ணுக்கு வரும். அந்த எண் உங்களுடையது என்றால் இந்த வாரமே அவருடையதாக மாற்றிவிடுங்கள். கேஸ் இணைப்புக்கும் அப்படியே. அதன் பிறகு இந்த இரண்டைப் பற்றியும் உங்கள் நோட்டில் எழுதாதீர்கள், வீட்டில் கேட்கவும் செய்யாதீர்கள். ஒரு முறை சிலிண்டர் நடுச் சமையலில் தீரக்கூடும். அன்றைக்கு ஹோட்டலில் வாங்கிச் சாப்பிடுங்கள்.