சிஸ்டோஸ்கோபிக்கு மயக்கம் கொடுக்கணுமா, ஜெல்லியே போதுமா?

கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 68 வயது, முப்பது வருடம் பீடி பிடித்தவர், சுகர் இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க கிளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதத்தில் மூன்று தடவை வலியே இல்லாமல் யூரினில் ரத்தம் போயிருக்கிறது, ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. கடலூர் டாக்டர் மரக்கவைக்கும் ஜெல்லி வைத்தே சிஸ்டோஸ்கோபி, அதாவது சிறுநீர்ப்பாதை வழியாக ஸ்கோப் விட்டு சிறுநீர்ப்பைக்குள் பார்க்கிற டெஸ்ட், செய்துவிடலாம் என்கிறார், பாண்டிச்சேரியில் பார்த்தவர் முதுகில் ஊசி போட்டுச் செய்யலாம், ஒருநாள் அட்மிஷன் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் "உசுரே போயிடும்" என்று சொன்னதிலிருந்து அப்பா எங்கேயும் வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். யார் சொல்வதைக் கேட்பது?

மயக்க மருந்து டாக்டராக நான் முதலில் சொல்வது வலியைப் பற்றி இல்லை. ரத்தம் நின்றுவிட்டதே என்று இந்த டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில், இத்தனை வருடம் பீடி பிடித்தவருக்கு, வலியில்லாமல் ரத்தம் போனால் சிறுநீர்ப்பையில் கட்டி இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும். சின்னக் கட்டி ஸ்கேனில் தெரியாமல் போகலாம், உள்ளே விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. இரண்டு டாக்டர்கள் சொன்னதுமே சரியாக இருக்கலாம், ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே கருவியை மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிஸ்டோஸ்கோப்பில் வளைகிற வகை உண்டு, வளையாத கம்பி வகை உண்டு. வளைகிறது பென்சிலைவிட மெல்லியது, பாதை எப்படிப் போகிறதோ அப்படியே வளைந்து போகும். கம்பி வகை நேராகத்தான் நிற்கும், பாதைதான் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும். பெண்களுக்குச் சிறுநீர்ப்பாதை ஏறக்குறைய 4 செ.மீ., நேரானது, அதனால் கம்பி வகையைக்கூட ஜெல்லியோடு பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள். ஆண்களுக்கு அது 18 முதல் 20 செ.மீ., நடுவில் வளைவு, அப்புறம் இறுக்கிப் பிடிக்கும் தசை, அதற்கு மேலே வயதானால் வீங்குகிற பிராஸ்டேட் சுரப்பி. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கம்பி வகையில், ஜெல்லி வைத்த கையோடு செய்திருந்தால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அதே வலி உங்கள் அப்பாவுக்கும் வந்துதான் தீரும் என்று இல்லை.

அதனால் "மயக்கம் கொடுப்பீங்களா" என்று கேட்பதற்கு முன்னால், "எந்த ஸ்கோப், பார்க்க மட்டுமா, ஏதாவது எடுக்கவும் போறீங்களா, ஜெல்லி வைத்து எத்தனை நிமிஷம் விடுவீங்க" என்று கேளுங்கள்.

அந்த நிமிஷக் கணக்கை அழுத்திச் சொல்கிறேன், கூட்டம் அதிகமான இடங்களில் அவசரத்தில் விட்டுப்போவது அதுதான். அந்த ஜெல்லியில் இருப்பது 2 சதவீத லிக்னோகெயின், பல் பிடுங்கும்போது ஊசியில் போடுகிற அதே மருந்து. 10 மி.லி. அளவில் மெதுவாகச் செலுத்தி, வெளியே வழிந்துவிடாமல் நுனியை லேசாக அழுத்திப் பிடித்து, குறைந்தது பத்து நிமிஷம் விட்டால்தான் உள்தோல் மரக்கும். வேகமாகப் பீச்சி அடித்தால் அதுவே எரியும். ஜெல்லி மரக்கவைப்பது தோலைத்தான், தசை விரிகிற அழுத்தத்தையும், உள்ளே தெளிவாகப் பார்க்க ஸ்கோப் வழியாக விடுகிற தண்ணீர் சிறுநீர்ப்பையில் ஏறும்போது வருகிற "உடனே போகணும்" என்ற முட்டலையும் அது எடுக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு மீன்பிடித் தொழிலாளி ஞாபகத்துக்கு வருகிறார். கால்விரல்களை உள்ளே மடக்கி, தொடையைக் கல் மாதிரி இறுக்கிக்கொண்டு, கூரையையே பார்த்துப் படுத்திருந்தார். மானிட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தோம். ஸ்கோப் இறுக்கமான தசைக்கு வந்தபோது "அண்ணே, விரலை ஆட்டுங்க, யூரின் போற மாதிரி நினைச்சுக்கிட்டு மூச்சை விடுங்க" என்றோம், அதே நேரத்தில் நர்ஸ் தண்ணீர்ப் பையைக் கையால் அழுத்தினார். அந்த நீர் அழுத்தத்தில் தசை திறந்து கொடுக்கும், ஸ்கோப் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஆண்களுக்கு இந்த இரண்டு வேலையும், அதாவது திரையைப் பார்க்க வைப்பதும் பையை அழுத்துவதும், வலியைக் குறைப்பதாக ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது, "இவ்ளோதானா" என்று எழுந்து உட்கார்ந்தார்.

"எதற்கு வம்பு, மயக்கமே கொடுத்துடுங்க" என்று நிறையப் பேர் சொல்வார்கள். உங்கள் அப்பா விஷயத்தில் அது அத்தனை சுலபம் இல்லை. முதுகில் ஊசி என்றால் கிளோபிடோக்ரலை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி நரம்பை அழுத்தும் ஆபத்து உண்டு. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகாதவருக்கு அந்த மாத்திரையை நிறுத்துவதே தனி ஆபத்து. இதய டாக்டர் சொல்லாமல் நீங்களாக ஒருநாள்கூட நிறுத்திவிடாதீர்கள். வளைகிற ஸ்கோப்பில் ஜெல்லியோடு பார்க்க மட்டும் என்றால் பொதுவாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை, பட்டினியும் கிடையாது, இட்லி சாப்பிட்டுவிட்டு, சுகர் மாத்திரையும் போட்டுக்கொண்டு வரலாம்.

அரை மயக்கம் என்று இன்னொன்று உண்டு, நரம்பில் மிடசோலம், கூடவே கொஞ்சம் ஃபென்டனில். மிடசோலம் பயத்தைக் குறைக்கும், நடந்ததை மறக்கவைக்கும், ஆனால் வலியை அது குறைக்காது, அதனால்தான் ஃபென்டனில் சேர்ப்பது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தப்படும். பீடியில் அடிபட்ட நுரையீரல், தூக்கத்தில் பலமான குறட்டை என்றால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆக்சிஜன் அளவையும் பிபியையும் பார்க்க மட்டுமே ஓர் ஆள் பக்கத்தில் நிற்கிற இடத்தில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும். மயக்கம் எந்த வகையானாலும் சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்பு, வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும். பால் கலந்த காபி சாப்பாட்டுக் கணக்குதான். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா என் அப்பாவாக இருந்தால், வளைகிற ஸ்கோப் இருக்கிற இடத்தைத் தேடிப்போய் ஜெல்லியோடு முதலில் பார்த்துவிடச் சொல்வேன். அதன் விலையால் எல்லா இடத்திலும் அது இருக்காது, போன் போட்டுக் கேளுங்கள், ஜிப்மரில் யூராலஜிக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். உள்ளே கட்டி தெரிந்தால் அதைச் சுரண்டி எடுக்க முதுகு ஊசியோ முழு மயக்கமோ தேவைப்படும், அப்போது இதய டாக்டரிடம் கேட்டு மாத்திரையை முறையாகத் திட்டமிடலாம். கம்பி வகைதான் கிடைக்கிறது என்றாலோ, அப்பா பயத்தில் உடம்பைத் தளர்த்தவே மாட்டார் என்றாலோ மயக்கம் கேட்பதில் தப்பே இல்லை, வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கு என்று யாரையும் சொல்லக் கூடாது. ஆனால் அன்றைக்குக் கூட ஆள் வேண்டும். அரை மயக்கம் வாங்கியவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாக பைக்கின் பின்னால் உட்கார்ந்தும் வரக் கூடாது, கார் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் செய்தாலும், அதற்கு முன் யூரினில் கிருமி இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். இருந்தால் முதலில் அதைக் குணமாக்க வேண்டும், புண்ணான பாதையில் எந்த ஜெல்லியும் சரியாக வேலை செய்யாது.

முடிந்த பிறகு ஒன்றிரண்டு நாள் எரிச்சலும் யூரினில் லேசான சிவப்பும் இருக்கும். இதய டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்காவிட்டால் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள், வலிக்குப் பாராசிட்டமால் போதும். மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள், சுகரோடு இருக்கிற சிறுநீரகத்துக்கும் கிளோபிடோக்ரலுக்கும் அது ஆகாது. குளிர் காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டிகட்டியாகப் போனாலோ, அடிவயிறு முட்டியும் யூரின் வராமல் நின்றாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ராத்திரி இரண்டு மணியானாலும் கேஷுவல்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், என்ன ஸ்கோப், என்ன மயக்கம், கடைசியாக எப்போது யூரின் போனார் என்று சொல்லுங்கள்.