மக்கும் பை ஏன் கிழிகிறது? கேள்வி பதில்

பி.எல்.ஏ. என்ற மக்கும் பிளாஸ்டிக்கில், பி.பி.ஏ.டி. என்ற இன்னொரு மக்கும் பிளாஸ்டிக்கை 30 சதவீதம் கலந்து பை ஃபிலிம் ஓட்டுகிறேன் சார். நீளவாக்கில் சர்ரென்று கிழிகிறது. நன்றாக இழுபடும் சரக்கைத்தானே கலந்தேன்?

தனியாக இழுத்தால் பி.பி.ஏ.டி. 500 சதவீதத்துக்கு மேல் நீளும், பி.எல்.ஏ. ஐந்தாறு சதவீதத்திலேயே ஒடியும். ஆனால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரையாது. உங்கள் விகிதத்தில் பி.பி.ஏ.டி. நுண்ணிய துளிகளாகத்தான் நிற்கும். ஃபிலிம் இழுபடும்போது துளிகளும் ஓட்டத்திசையில் நீண்டுவிடும், கிழிசலுக்கு அதுவே பாதை. பைக்கு விகிதத்தைத் திருப்பிப் போடுங்கள்: பி.பி.ஏ.டி. அதிகம், பி.எல்.ஏ. குறைவு.

நான் ஓர் ஆய்வு மாணவி. இதே கலவையின் உடைந்த பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன். வழவழப்பான குழிகளாக இருக்கிறது.

துளிகள் கழன்று வந்த இடம் அது. ஒட்டவே இல்லை என்று அர்த்தம். இரண்டையும் ஒட்டவைக்கும் சேர்மானமான ஒத்திசைப்பி சரியாக வேலை செய்தால் துளி சிறுத்து, உடைந்த இடத்தில் இழை இழையாக இழுபட்டிருக்கும். அதற்காகக் குழியே கூடாது என்றில்லை. துளியைச் சுற்றி நுண்குழி விழுந்து, பக்கத்துப் பி.எல்.ஏ. இளகி நீண்டால்தான் அடியின் வேகம் உள்ளேயே செலவாகும்.

ஒத்திசைப்பியாக ஜான்கிரில் எவ்வளவு போடலாம்?

0.3 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். அதிலுள்ள எபாக்சி, பி.எல்.ஏ., பி.பி.ஏ.டி. என்ற இரண்டு பாலியெஸ்டர்களின் சங்கிலி முனைகளையும் பிடித்துத் தைக்கிறது. அதிகமானால் ஜெல் கட்டி, ஃபிலிமில் மீன்கண் போன்ற புள்ளிகள் தெரியும்.

அதை வாங்கும் முன் டிரையரைப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். ஈரத்தோடு உருக்கினால் எஸ்டர் சங்கிலி அறுபடும். நீங்கள் ஒரு பக்கம் தைக்க, தண்ணீர் மறுபக்கம் பிரித்துக்கொண்டிருக்கும். ஈரம் 250 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 250 பங்கு) கீழே வர வேண்டும். படிகமான பி.எல்.ஏ. குருணையை 80 டிகிரியில் நாலு மணி நேரம் உலர்த்தலாம். படிகமாகாத மறுசுழற்சித் தூளை அதே சூட்டில் போட்டால் ஹாப்பரிலேயே கட்டிதட்டும். அதற்கு 45 டிகிரி போதும், நேரம்தான் கூடும்.

பி.இ.ஜி. என்ற மென்மையாக்கியை மட்டும் ஊற்றினால் போதாதா?

மென்மை வரும். சில மாதங்களில் மேலே கசிந்து பிசுபிசுக்கும். பைக்கு நான் சொல்லமாட்டேன்.

சேர்மானத்தால் மக்கும் சான்றிதழ் போய்விடாதா?

ஐ.எஸ்.ஓ. 17088 தரத்தில், 1 சதவீதத்துக்குக் கீழுள்ள பொருள் மக்குகிறதா என்று தனியாகச் சோதிக்கத் தேவையில்லை. ஆனால் அப்படிப்பட்டவை எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஜான்கிரில் அளவு அதற்குள் அடங்கும். விலை குறையும் என்று எல்.டி.பி.இ. என்ற சாதாரண பாலித்தீனை மட்டும் கலந்துவிடாதீர்கள், அது மக்காது.

ஓட்டிய அன்று நன்றாக மடிந்த பி.எல்.ஏ. ஷீட், பத்து நாளில் படக்கென்று ஒடிகிறதே?

பி.எல்.ஏ. 55–60 டிகிரிக்குக் கீழே கண்ணாடிபோல் விறைத்த நிலையில் இருக்கும். வேகமாகக் குளிர்ந்த சங்கிலிகள், கிடங்கில் கிடக்கும்போதே மெல்ல நெருங்கி இறுகும். சப்ளையரைத் திட்டிப் பயனில்லை. இழுவைச் சோதனையை அன்றே முடிக்காமல், பத்தாம் நாளும் ஒருமுறை செய்துவிட்டு ஆர்டர் அனுப்புங்கள்.