பழைய பட்டன் போனில் கணினி வீடியோ ஓடாதது ஏன்?

கணினியில் உள்ள 1280×720 எம்கேவி (.mkv) கோப்பின் பெயர் இறுதியை 3ஜிபி (.3gp) என்று மாற்றியும் பழைய பட்டன் போனில் ஏன் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எம்கேவி, எம்பி4, 3ஜிபி ஆகியவை வெறும் உறைகளே; உள்ளே இருக்கும் காட்சியும் ஒலியும் எந்த கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில், சுருக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தே போன் அதை வாசிக்கும். பெயரை மாற்றுவது உறையின் மேல் விலாசத்தை மாற்றுவதற்குச் சமம்.

மிகப் பழைய போன்களுக்கு எச்.263 காட்சியும் ஏஎம்ஆர் ஒலியும் கொண்ட, 176×144 அளவிலான 3ஜிபி கோப்பே பாதுகாப்பானது. ஆனால் ஏஎம்ஆர் பேச்சுக்காக உருவானது. அதில் பாட்டுக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். ஆகவே 320×240 திரையுள்ள போன் என்றால், எம்பெக்-4 காட்சியும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 கோப்பை முதலில் முயன்று பாருங்கள்.

எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருளில் அகலத் திரைப் படத்தை 320×176 ஆகக் குறைப்பது நல்லது. எம்பெக்-4 கோடெக் படத்தை 16×16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்தே சுருக்குகிறது, இரு எண்களும் 16ஆல் மீதியின்றி வகுபடுகின்றன. காட்சிக்கு நொடிக்கு 300 கிலோபிட், ஒலிக்கு 64 கிலோபிட் என்று வைத்தால், இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய 330 மெகாபைட்டில் அடங்கிவிடும். வசன வரிகள் தேவையென்றால் மாற்றும்போதே படத்தின் மீது பதித்துவிடுங்கள். தனிக் கோப்பாகக் கொடுத்தால் பெரும்பாலான பழைய போன்கள் கண்டுகொள்ளாது. முழுப் படத்தையும் மாற்றுமுன் ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி, போனில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.