400 ரேட்டிங் (ஆட்டக்காரரோட பலத்தைக் காட்டுற புள்ளி) அதிகமுள்ளவரோட செஸ் ஆடும்போது ரெண்டு பக்கமும் காயெல்லாம் மாத்தி மாத்தி வெட்டிட்டா டிரா கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காதுங்க. நானும் ரொம்ப நாள் இதைத்தான் நம்பிட்டிருந்தேன், ராணியை வெட்டி யானையை வெட்டி போர்டை காலி பண்ணிட்டா அதுக்கப்புறம் அவரால என்ன செஞ்சிட முடியும்னு.

முதல்ல கணக்கு. அர்பாட் ஈலோ போட்ட ரேட்டிங் முறைப்படி (உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல எடுத்துக்கிட்டது) 400 புள்ளி வித்தியாசம்னா பலமானவர் ஒரு கேமுக்கு சராசரியா 0.91 பாயிண்ட் எடுப்பார். 11 கேம் ஆடினா நமக்கு ஒரு பாயிண்ட், அது ஒரு ஜெயிப்பாவும் இருக்கலாம், ரெண்டு டிராவாவும் இருக்கலாம். அந்த ஒரு பாயிண்ட் எந்த மாதிரி கேம்ல வரும்ங்கறதுதான் விஷயம்.

ஒரு டோர்னமெண்ட்ல இப்படி ஒருத்தரோட எனக்கு வெள்ளைக் காய் வந்துச்சு. அவர் ஃபிரெஞ்ச் டிஃபென்ஸ்ங்கற ஓப்பனிங் (ஆரம்ப மூவ் வரிசை) ஆட, நான் டிராவை மனசுல வச்சு உடனே எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனுக்கு (நடு சிப்பாய்களை ஆரம்பத்துலயே வெட்டிக்கிற வழி) போயிட்டேன், நடுவுல திறந்த வரிசையில யானைங்க ரெண்டும் வெட்டுப்பட்டுச்சு, ராணியும் போச்சு, கடைசில ஆளுக்கு ஒரு ராஜாவும் ஆறு சிப்பாயும். கம்ப்யூட்டர்ல பாத்தா சமம்தான். ஆனா அவர் ராஜா ஏற்கனவே நடுவுக்கு கிளம்பிடுச்சு, நான் தேவையில்லாம ஓரத்துல ஒரு சிப்பாயை நகர்த்திட்டிருந்தேன். ரெண்டு ராஜாவும் நேருக்கு நேர் நிக்குது, இடையில ஒரே கட்டம், ஆட வேண்டியது நான். விலகித்தான் ஆகணும். விலகினேன், அவர் ராஜா உள்ள வந்து வரிசையா சிப்பாயைத் தின்னுச்சு.

காய் குறைய குறைய பலமானவர் தப்பு பண்றதுக்கான வாய்ப்பும் குறையுது, எண்ட்கேம்ல ஒரு மூவ் வித்தியாசம் என்னன்னு அவருக்கு நல்லா தெரியும். காய் நிறைய இருந்தா அவரும் கணக்கு போடணும், கடிகாரம் அவருக்கும் ஓடும். அதுக்காக கண்ணை மூடிட்டு குதிரையை சாக்ரிஃபைஸ் பண்ணச் சொல்லல, உங்களுக்கு நல்லா பழகின ஓப்பனிங்கையே ஆடுங்க, அவர் வெட்டக் கூப்பிட்டா 'வெட்டினா யார் காய் நல்லா நிக்கும்'னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. தோக்குற நிலைமையிலயும் ராணி போர்டுல இருந்தா தொடர்ந்து செக் கொடுத்தோ ஸ்டேல்மேட்ல (செக் இல்லாமலே ஆட மூவ் இல்லாத நிலை) மாட்டியோ அரை பாயிண்ட் எடுக்க வழி இருக்கும்.

அந்த கேம் முடிஞ்சதும் அவரே உக்காந்து காட்டினார். சிப்பாயை நகர்த்தின அந்த இடத்துல நான் ராஜாவை முன்னாடி கொண்டு வந்திருந்தா, டிராதானாம்.