சூடானால் நகராத போர்க்லிஃப்ட்: பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை நடத்துகிறோம். எங்களிடம் இருப்பது பழைய 3 டன் டீசல் போர்க்லிஃப்ட், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வண்டி. காலையில் நன்றாக ஓடுகிறது. இரண்டு மணி நேரம் மூட்டை ஏற்றியதும் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர்வதில்லை. ரிவர்ஸிலும் இதே கதை. கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முன்னால் போக ஒரு கிளட்ச் பேக் (பிளேட்டுகளின் அடுக்கு), பின்னால் போக இன்னொன்று. இரண்டும் ஒரே நாளில் கைவிடுவது அபூர்வம். இரு பக்கமும் ஒன்றுபோல் வழுக்கினால், இரண்டுக்கும் பொதுவானதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: ஆயில், ஸ்ட்ரெய்னர் (ஆயிலை வடிகட்டும் வலை), பம்ப், இன்ச்சிங் வால்வு (மெல்ல நகர, பெடலை மிதித்ததும் கிளட்ச் பிரஷரைக் குறைப்பது).

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பல வண்டிகளில் ஆயில் சூடான பிறகு, இன்ஜின் ஐட்லிங்கில், நியூட்ரலில் கியர் பாக்ஸ் டிப் ஸ்டிக் (ஆயில் அளவுக் கம்பி) பார்க்க வேண்டும். சிலவற்றில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அளவு குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், ஆயில் நுரைக்கும், பிரஷர் விழும். ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் பிளேட் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறது.

அடுத்தது இன்ச்சிங் பெடல். அரிசி ஆலை வண்டிகளில் இதை யாரும் கவனிப்பதே இல்லை. பெடலுக்கு அடியில் சேறும் நெல் தூசியும் இறுகி, காலை எடுத்தாலும் அது முழுதாக மேலே வராது. அந்த அளவுக்கு வால்வு திறந்தே நிற்கும், கிளட்சுக்குப் போக வேண்டிய பிரஷர் வடிந்துகொண்டே இருக்கும். பெடலைக் கையால் மேலே இழுத்துப் பிடித்ததும் வண்டி இழுத்தால் வேலை முடிந்தது. சுத்தம் செய்து, ஸ்பிரிங்கைப் பார்த்து, லிங்க்கில் பிளே (தளர்ச்சி) வையுங்கள்.

வண்டியை அணைத்துப் பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறதா? ஆம் என்றால் சந்தேகம் ஸ்ட்ரெய்னர் மேல். ஓடும்போது குப்பை வலையில் போய் ஒட்டிக்கொள்ளும், நின்றதும் கீழே விழும். கழற்றி டீசலில் கழுவி, உள்ளிருந்து வெளியே காற்றடியுங்கள். பித்தளைத் தூளோ இரும்புச் சீவலோ வந்தால் மட்டும் கழுவிப் போட்டு ஓட்டாதீர்கள். உள்ளே ஏதோ அரைபடுகிறது.

நன்றாக ஆறிய பிறகுதான் ஓடுகிறது என்றால், சூட்டில் ஆயில் இளகி எங்கோ கசிகிறது. ரேடியேட்டரைப் பாருங்கள். உமித்தூசியும் சுனையும் கண்களை அடைத்திருந்தால் ஆயில் ஆறவே ஆறாது. விசிறி தள்ளும் திசைக்கு எதிராகக் காற்றடியுங்கள். அதே திசையில் அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும்.

இதற்குப் பிறகும் வழுக்கினால் 25 கிலோ (சதுர செ.மீ.க்கு) வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்றை டெஸ்ட் போர்ட்டில் (பிரஷர் அளக்கும் துளை) மாட்டுங்கள். இந்த அளவு வண்டிகள் பலவற்றில் கிளட்ச் பிரஷர் 10 முதல் 15 கிலோவுக்குள் வரும். உங்கள் வண்டிக்கு உரிய கணக்கு சர்வீஸ் புத்தகத்தில். ஆறியபோதும் சூடானபோதும் அளந்து எழுதி வையுங்கள். நியூட்ரலிலேயே மெயின் பிரஷர் விழுந்தால் பம்ப் அல்லது ரிலீஃப் வால்வு (மிகுந்த பிரஷரை வடிப்பது). நியூட்ரலில் சரியாக நின்று, ஒரு கியர் போட்டதும் விழுந்தால் அந்த கிளட்சின் சீலிங் ரிங். மெக்கானிக் சொன்னபடி இறக்க வேண்டிய நேரம் அப்போதுதான் வருகிறது.

கேள்வி: மழைக்குப் பிறகு கியர் பாக்ஸ் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறது. மாற்றினால் போதுமா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் மாற்றினால் புது ஆயிலும் டீ ஆகும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள் (இன்ஜின் ஆறிய பிறகு). தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால், ரேடியேட்டரின் அடித்தொட்டியில் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டை. உறுதி செய்ய, கூலரின் ஒரு வாயை அடைத்து, மறு வாயில் 2 கிலோ காற்று கொடுங்கள். ரேடியேட்டரில் குமிழி வரும். படலம் இல்லாமல் வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் பிரீதர் (கியர் பாக்ஸின் காற்றுத் துளை) வழியாகப் புகுந்திருக்கலாம்.

ஒரு தடவை வடித்தால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பழைய ஆயில் வராது. ஊற்றி, பத்து நிமிடம் இரு பக்கமும் ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றுங்கள். நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை ஆகலாம். வண்டியை அப்படியே போட்டு வைப்பதுதான் பெரிய கேடு: நனைந்த பிளேட்டில் ஒட்டியிருக்கும் காகித லைனிங் உரிந்து வந்துவிடும்.

கேள்வி: முன்னால் போகிறது, ரிவர்ஸ் மட்டும் விழவில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் எலக்ட்ரிக் லீவர். (வாசகர், கும்பகோணம்)

பதில்: இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து லீவரை ரிவர்ஸில் போடுங்கள். சொலினாய்டில் (மின்சாரத்தால் வால்வை இயக்கும் காந்தச் சுருள்) 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பேட்டரி வோல்டேஜ் வருகிறதா பாருங்கள். பிறகு டிரைவ் சக்கரங்களைத் தூக்கி, உறுதியான கட்டை கொடுத்து, இரண்டு சொலினாய்டு பிளக்குகளையும் மாற்றிச் செருகுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து லீவரை முன்னுக்குப் போடும்போது சக்கரம் பின்னால் சுற்றினால் சொலினாய்டும் கிளட்சும் நன்றாக இருக்கின்றன. கோளாறு லீவர் சுவிட்சிலோ வயரிலோ. சுற்றாவிட்டால் சொலினாய்டு, ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் தண்டு), ரிவர்ஸ் கிளட்ச் என்ற வரிசையில் பாருங்கள். சோதனை முடிந்ததும் பிளக்குகளைப் பழையபடி மாற்ற மறந்தால், முன்னுக்குப் போட்ட வண்டி பின்னால் நிற்பவர் மேல் ஏறும்.

கேள்வி: மீதமிருக்கும் ஹைட்ராலிக் 68 ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றலாமா? (வாசகர், திருவாரூர்)

பதில்: கூடாது. அது மாஸ்ட்டைத் (சுமை ஏறி இறங்கும் முன் சட்டம்) தூக்கும் சிலிண்டருக்கான ஆயில். கிளட்ச் பிளேட்டுக்கு வேண்டிய பிடிமானம் அதில் கிடைக்காது. புத்தகத்தில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.