இடம் இருக்கிறது, மெமரி இல்லை

கேள்வி: ஐயா, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். பில் போட 2019-இல் வாங்கிய சின்ன டப்பா கம்ப்யூட்டர்தான். எட்டாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வீடு கட்டுகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் டிசைன் படங்கள் அனுப்ப உட்கார்ந்தால் 'லோ மெமரி' என்று வந்து ஹேங் ஆகிவிடுகிறது. அண்ணன் மகன் பழைய படங்களை அழித்து 60 ஜிபி காலி செய்தும் பலனில்லை. காரைக்குடியில் கேட்டால், புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். போனில் 'மெமரி ஃபுல்' என்றால் படம் வைக்க இடம் தீர்ந்தது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் அண்ணன் மகன் படங்களை அழித்திருக்கிறார். கம்ப்யூட்டர் கேட்பது ரேம், அதாவது வேலை நடக்கும்போது சாமான்களைப் பரப்பி வைக்கும் இடம். உங்கள் பட்டறைக் கணக்கில் சொன்னால், ஹார்டு டிஸ்க் என்ற கிடங்கு காலியாகத்தான் இருக்கிறது. கண்ணாடியை வைத்து வண்ணம் ஊற்றும் மேஜையில்தான் இடமில்லை. மேஜை நிறைந்ததும் கம்ப்யூட்டர் சாமான்களை ஹார்டு டிஸ்க்குக்குத் தூக்கிப்போய் வைத்து எடுத்து வருகிறது. அதில்தான் இத்தனை தாமதம்.

அடுத்த முறை திணறும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். 'மெமரி' என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். பெரும்பாலும் குரோம்தான், திறந்து கிடக்கும் ஒவ்வொரு டேபும் ரேமில் பங்கு கேட்கும். வாட்ஸ்அப், பில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடுங்கள். கம்ப்யூட்டரைப் போட்டதுமே தானாகத் திறப்பவை 'ஸ்டார்ட்அப்' பகுதியில் இருக்கும், அதில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். இதில் கொஞ்சம் மூச்சு விடும், அவ்வளவுதான். இன்றைய வேலைக்கு 4 ஜிபி போதாது.

அதே டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', அதில் 'மெமரி' பாருங்கள். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்றிருந்தால் உங்களுக்கு நல்ல காலம், இருக்கிற 4-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, கூட ஒரு 8 ஜிபி போட்டால் போதும்.

வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். இந்த மாதிரி டப்பாக்களில் பெரும்பாலும் லேப்டாப் ரேம்தான் போடுவார்கள், நீளத்தில் டெஸ்க்டாப் ரேமில் பாதி. போன வருஷம் எங்கள் வீட்டுப் பெட்டிக்கு ஒரு கடையில் நீளமான ரேமைக் கொடுத்துவிட்டார்கள். கவரைப் பிரித்துவிட்டேன் என்று திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். அதனால் கம்ப்யூட்டரை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதன் ஸ்டிக்கரில் 'பிசி4' என்று தொடங்கினால் அது டிடிஆர்4 வகை ரேம். பழைய வகையான டிடிஆர்3 இதில் உட்காராது, அதன் ஓரத்தில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுத்தாலோ தவறான பொருளைத் தலையில் கட்டினாலோ 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போடுங்கள்.

இன்னும் விண்டோஸ் 10-தானா? அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11-க்குப் போக வழி உண்டு. ரேம் ஏற்றிய பிறகு போங்கள். பில் சாப்ட்வேர்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு கையில் பணம் இருந்தால் ஹார்டு டிஸ்க்கை அதைவிட வேகமான எஸ்எஸ்டியாக மாற்றலாம்.

போட்டு முடித்ததும் டாஸ்க் மேனேஜரில் 12 ஜிபி காட்ட வேண்டும். 4 என்றே காட்டினால் மறுபடி அணைத்து, புது ரேமைச் சாய்வாகச் செருகி, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பிடிக்கும்வரை கீழே அழுத்துங்கள்.