பாடத்திட்டக் குழுவின் வெளி உறுப்பினர்கள் ஒருசேர விலகும்போது

வணக்கம். தங்கள் தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் வெளி உறுப்பினர்கள் அனைவருடைய பதவிக்காலமும் வரும் மே மாதத்தில் ஒருசேர முடிவதாக எழுதியிருந்தீர்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி நியமன உறுப்பினர்களின் காலம் 3 ஆண்டுகள் என்பதால், ஒரே நாளில் நியமனமானவர்கள் ஒரே நாளில் விலகுவது இயல்பே.

கல்லூரி இணைந்துள்ள பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நியமிக்கும் வல்லுநருக்காக முதல்வர் 6 பெயர்கள் கொண்ட பட்டியலைப் பரிந்துரைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பதிலுக்குக் காத்திருக்க நேரும் என்பதால் அப்பட்டியலை இப்போதே அனுப்பிவிடுங்கள். அகாடமிக் கவுன்சில் (கல்லூரியின் கல்விக்குழு) நியமிக்கும் 2 வல்லுநர்களுள் ஒருவரையேனும், கல்லூரி விதிகள் இடமளித்தால், மீண்டும் நியமிக்குமாறு கேளுங்கள். வெளி உறுப்பினர்களாக முற்றிலும் புதியவர்களே அமர்ந்தால், சென்ற முறை ஒரு தாளை (பாடத்தை) ஏன் நீக்கினோம் என்று சொல்ல அவர்களுள் ஆளிருக்காது. ஆகவே கூட்டக் குறிப்பில் முடிவை மட்டுமன்றிக் காரணத்தையும் தவறாமல் பதியுங்கள்.